ஒரு சாண் விலகல்

பிப்ரவரி 11, 2018
அகிதா

தொமெகிச்சிக்கு,

பனி எவ்வளவு, உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு ஆரம்பிப்பதுதான் முறை. எனக்கு அதற்கு மூச்சு இல்லை. நாற்பது வருடமாக நாம் புத்தாண்டு அட்டை மட்டும்தான் அனுப்பிக்கொள்கிறோம். கடையில் அச்சடித்த வாசகம், கையால் ஒரு சொல் கிடையாது. இந்த வருடம் உன் அட்டையில் நாய்ப் படம் இருந்தது. நீ இன்னும் சாகவில்லை என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் புற்றுநோய். மலக்குடலில், அடிமட்டத்தில், ஆசன வாய்க்கு இரண்டு விரற்கடை உள்ளே. போன இலையுதிர் காலத்திலிருந்தே ரத்தம் போனது. மூலம் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். ஒருநாள் கழிவறையைப் பார்த்துவிட்ட என் வீட்டுக்காரி சதாயோ, "நீங்க கோட்ட மாட்டுறீங்களா, இல்ல நான் இப்படியே இழுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டேன்.

கட்டியை எடுத்துவிட முடியுமாம். அதை எடுக்கிற வரை நான் தாங்குவேனா என்பதுதான் கேள்வியாம். நெஞ்சுப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. "எத்தன வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர். பிடித்ததே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அப்ப சுரங்கத்துல வேல பாத்தீங்களா?" என்றார். கல்தூசியாம். சாகும்வரை போகாதாம்.

அது யாருடைய தூசி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த ரயில் சுரங்கத்துக்கு மலையின் மேற்கு வாயிலிருந்து நாங்கள் தோண்டினோம். கிழக்கு வாயிலிருந்து நீங்கள் தோண்டினீர்கள். நடுவில் நேருக்கு நேர் முட்டியிருக்க வேண்டும். கிழக்குக்காரர்கள் ஒரு சாண் விலகி வந்து நின்றீர்கள். அந்த ஒரு சாணைச் சரிக்கட்ட அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் பாறையைச் செதுக்கினோம். தண்ணீர்க் குழாய் உறைந்துபோய் வறட்டுத் துளை போட்டோம். முகமூடிக்குள்ளே மாவு மாதிரி தூசி. அதைத்தான் இப்போது டாக்டர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பதில் எழுத வேண்டாம். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன், அவ்வளவுதான்.

குமகாய் எய்சோ


பிப்ரவரி 19, 2018
கோச்சி

எய்சோ,

எழுத வேண்டாம் என்றாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைத் தீர்த்துவிடுவோம். விலகியது மேற்கு. உங்கள் அளவைக்காரன் குடித்துவிட்டுக் கருவியின் முக்காலியில் தொப்பியை மாட்டி வைப்பான். அவன் பிடித்த கோடு எப்படி நேராக இருக்கும்? நீ சுரங்கத் திறப்பு விருந்தில் எல்லோர் முன்னாலும் கிழக்குதான் விலகியது என்று மாற்றிச் சொன்னதால்தான் உன் தலையில் சாகே மதுவைக் கொட்டினேன். இப்போதும் கொட்டுவேன். அவ்வளவு தூரம் வர என் முழங்கால் ஒத்துழைக்காது, அதனால் பிழைத்தாய்.

இனி மற்றது. உன் கடிதத்தைத் தோட்டத்தில் நின்றபடி படித்தேன். படித்து முடித்ததும் எலுமிச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டேன். மகள் கயோ ஓடிவந்து, "அப்பா, நெஞ்சு வலியா?" என்றாள். "இல்ல, ஒரு முட்டாள் லெட்டர் போட்டிருக்கான்" என்றேன். வருத்தமாக இருந்தது. மிகவும் வருத்தமாக இருந்தது, எய்சோ. வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராது.

எந்த மருத்துவமனை, யார் அறுக்கிறார்கள், எப்படி அறுக்கப் போகிறார்கள் என்று எழுது. தோண்டுகிறவன் மண்ணைப் பார்த்தானா என்று தெரிய வேண்டும். என் எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. துளைக் கருவி தின்ற ஆள்காட்டி விரல் இன்னும் அரைவிரலாகத்தான் இருக்கிறது, முளைக்கவில்லை.

தொமெகிச்சி


மார்ச் 14, 2018
அகிதா

தொமெ,

கேட்டாயே, எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அறுவை டாக்டர் பெயர் ஹத்தா. ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுகிறார். அவரே பேனாவை எடுத்து என் இடுப்பெலும்பை வரைந்தார். புனல் மாதிரி ஒரு குழி, அதன் அடியில் என் கட்டி.

"வழக்கமா வயித்துல சின்னச் சின்னதா ஓட்ட போட்டு, கேமராவ விட்டு, மேல இருந்தே கடைசிவரைக்கும் இறங்குவோம். உங்களுக்கு இடுப்பெலும்பு ரொம்பக் குறுகல். அடியில போனா கருவி திரும்பாது. போகப்போக நேரமாகும். அதுவரைக்கும் உங்களத் தலைகீழா சாய்ச்சு, வயித்துல வாயு நிரப்பி வெச்சிருக்கணும். உங்க நுரையீரல் அதுக்குத் தாங்காதுங்க."

"அப்ப விட்டுருங்க" என்றேன்.

"அதுக்கில்ல. நான் மேல இருந்து வருவேன். அதே நேரத்துல கீழ இருந்து இன்னொரு டாக்டர் வருவாங்க. ரெண்டு பேரும் நடுவுல சந்திப்போம். நேரம் பாதியாக் குறையும்."

தொமெ, நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சதாயோ என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "ரெண்டு வாய்" என்றேன். "ஆமா" என்றார். "நடுவுல முட்டணும்." "ஆமா." "விலகினா?" அவர் மறுபடி பேனாவை எடுத்தார். குடலைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி ஒரு மெல்லிய பொருத்து இருக்கிறதாம். அதற்குள்ளேயே போனால் ரத்தம் வராதாம். ஒரு நூல் இந்தப் பக்கம் தப்பினால் கட்டியில் மிச்சம் தங்கிவிடும், அந்தப் பக்கம் தப்பினால் மூத்திர நரம்பு போய்விடும். அம்மா வயிற்றில் இருக்கும்போதே போட்ட பொருத்தாம் அது. எழுபத்தாறு வருடமாக எனக்குள்ளே ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறது, நான் அதன்மேலே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் கெட்டது. கீழ்வாயிலிருந்து வருகிற டாக்டர் உள்ளே வந்தார். பெண். இசாவா என்று பெயர். என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைதேவதை பெண், பொறாமைக்காரி. பெண் கால் பட்டால் கூரை இறங்கும். உன் மனைவி சோற்றுப்பெட்டி கொண்டு வந்தால்கூட வாய்க்கு வெளியே மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் போவாள். முப்பத்து மூன்று வருடம் அப்படி இருந்து உயிரோடு வந்தவன் நான். என் சொந்த வாய்க்கு ஒரு பெண்ணை விடுவதா? முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். வேலை முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைக்க மாட்டார்களாம். தைத்த இடம் கசிந்தால் நல்ல நுரையீரல்காரன் பிழைத்துக்கொள்வான், நான் பிழைக்க மாட்டேனாம். அதனால் கீழ்வாயை நிரந்தரமாக மூடிவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டுப் பை மாட்டுவார்களாம். இரண்டு பக்கமும் தோண்டிவிட்டு வாயை அடைக்கிற சுரங்கத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். சதாயோ என்னோடு பேசுவதில்லை.

எய்சோ


மார்ச் 18, 2018
கோச்சி

எய்சோ,

நீ கழுதை. நாற்பது வருடத்தில் மாறவே இல்லை.

உன் கடிதத்தைக் கயோவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று உனக்குத் தெரியாது. நெடுஞ்சாலைச் சுரங்கத்தில் அளவைப் பொறியாளர். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு லேசர் கருவியோடு தினமும் உள்ளே போகிறாள். முதல் நாள் போனபோது நான் மூன்று வேளையும் சாப்பிடவில்லை. கூரை இறங்கவில்லை. சாயங்காலம் வந்து மீன் வறுத்தாள். கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எய்சோ மாமாகிட்ட சொல்லுங்க, மலைதேவதைக்கு இப்பப் பொறாமையே இல்ல, கூட்டாளிங்க வந்துட்டாங்கன்னு சந்தோஷமா இருக்கா."

அடுத்தது பை. மேற்கு வாய் மழையில் சரிந்த வருடத்தை மறந்துவிட்டாயா? உள்ளே நீயும் உன் ஆட்களும் மாட்டிக்கொண்டீர்கள். மலையின் விலாப்பக்கத்தில் பக்கவழி ஒன்று குடைந்தோம். நானும்தான் குடைந்தேன், கிழக்கிலிருந்து ஆள் அனுப்பினார்களே. அதன் வழியாகத்தான் நீ நாய்க்குட்டி மாதிரி தவழ்ந்து வந்தாய். அதற்கப்புறம் ஒரு வருடம் கல், மண், ஆள், சோற்றுப்பெட்டி எல்லாம் அந்தப் பக்கவழியில்தான் போய் வந்தன. வாய் அடைத்துக் கிடந்ததே, அப்போது "இது சுரங்கமில்லை" என்று எவனாவது சொன்னானா? நீ சொன்னாயா? வெளியே வந்ததும் நீ கேட்டது சாகே.

இப்போதும் விலாப்பக்கத்தில் ஒரு வழி போடுகிறோம் என்கிறார்கள். அதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

இரண்டு வாயிலிருந்து வருகிறார்கள் என்று படித்ததும் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. கயோவுக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனிதனுக்குள்ளே இப்படிப் போக முடிகிறது, போகிறவர்கள் இருக்கிறார்கள். அது உனக்குக் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த எத்தனை பேர் ஒரு டாக்டரும் கிடைக்காமல் இருமி இருமிச் செத்தார்கள் என்று உனக்கே தெரியும்.

நாளைக்கே போ. அந்த டாக்டர் அம்மாவிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேள். கட்டி உனக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

தொமெகிச்சி


மே 27, 2018
அகிதா

தொமெ,

இரண்டு மாதம் எழுதவில்லை. கதிர் சிகிச்சை, மாத்திரை, வயிற்றுப்போக்கு. எழுதும் நிலையில் இல்லை.

போனேன். மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் இசாவா கோபப்படவே இல்லை. மலைதேவதை பற்றி நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஐயா, உங்களுக்குள்ள ரெண்டு தடவ கேமரா விட்டுப் பாத்துட்டேன். தேவதை யாரும் குடியில்ல. இருந்தா நானே கேட்டுட்டு உள்ள போறேன்" என்றாள். சதாயோ அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. இப்போது என்னோடு பேசுகிறாள்.

அந்தக் கேமரா எடுத்த படத்தையும் காட்டினார்கள். கட்டியை எல்லாம் நான் பார்க்கவில்லை. விளக்கு முன்னால் போகிறது, சுவர் சிவப்பாக, ஈரமாக, வளைந்து வளைந்து விலகி வழி விடுகிறது. எங்கேயும் ஒரு முட்டுக்கட்டை கிடையாது, ஒரு இரும்பு வளையம் கிடையாது, ஆனாலும் கூரை நிற்கிறது. இத்தனை வருடம் மலையைத் தாங்குவதற்கு மரமும் இரும்பும் சுமந்தேனே, எனக்குள்ளே இப்படி ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறது என்று நினைத்து நர்ஸ் ஓடி வந்தாள்.

பை வைக்கும் இடத்துக்கு நேற்று குறி வைத்தார்கள். ஒரு நர்ஸ் என்னை நிற்கச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், குனியச் சொன்னாள், படுக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வயிற்றில் எங்கே மடிப்பு விழுகிறது என்று பார்த்தாள். பெல்ட் எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டாள். எல்லாம் பார்த்து முடித்துப் பேனாவால் ஒரே ஒரு புள்ளி. நம் அளவைக்காரன் எவனும் அவ்வளவு பொறுமையாகப் புள்ளி வைத்ததில்லை. குளிக்கும்போது அழியக் கூடாது என்று சுற்றிக் கையை வைத்துக்கொண்டு குளிக்கிறேன்.

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் மூன்று பந்தும் எழ வேண்டும். எனக்கு ஒன்றுதான் எழுந்தது. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் உறிஞ்சி இப்போது இரண்டு எழுகிறது. மூன்றாவது எழுந்தால்தான் கத்தி வைப்பேன் என்று ஹத்தா டாக்டர் மிரட்டினார். மிரட்டலா, வேண்டுதலா, தெரியவில்லை.

ஜூன் நடுவில் தேதி. மயக்க டாக்டர் தனியாக வந்து பேசினார். அறுவை நன்றாக முடிந்தாலும் அப்புறம் மூச்சுக் குழாயை எடுக்க முடியாமல் போகலாமாம். என் மாதிரி நுரையீரலுக்கு அந்த இடத்தில்தான் ஆபத்தாம். ஒளிக்காமல் சொன்னார். ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். திரும்பி வராமலும் போகலாம். தொமெ, விளையாட்டு வேண்டாம். விலகியது யார்? கிழக்கு அளவைப் புத்தகம் உன் கையில்தான் இருந்தது. உனக்குத் தெரியும். கடைசி ஓட்டை திறந்தபோது உன் பக்கத்துக் காற்று என் முகத்தில் அடித்தது, மீன் வறுத்த வாசனையோடு. ஓட்டைக்குள் கையை விட்டேன். இருட்டில் ஒரு கை பிடித்தது, அரைவிரல் கை. நல்ல பிடி. அந்தப் பிடியோடு விட்டிருக்கலாம் நாம். மறுநாள் அளவு எடுக்கப் போய்த்தான் எல்லாம் கெட்டது.

சொல்லிவிடு. தெரிந்துகொண்டு போகிறேன்.

எய்சோ


ஜூன் 2, 2018
கோச்சி

எய்சோ,

சொல்ல மாட்டேன்.

சொன்னால் நீ நிம்மதியாகப் போய்விடுவாய். அந்த உதவியை உனக்குச் செய்ய நான் யார்? மூன்றாவது பந்தை எழுப்பு, அறுவை மேசையில் ஏறு, இறங்கு. அப்புறம் நேருக்கு நேர் வா. உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்கிறேன், கிழக்கா மேற்கா என்று. கடிதத்தில் எழுத மாட்டேன். போனிலும் கிடையாது. நேருக்கு நேர்தான்.

கயோ அந்தப் பழைய வரைபடங்களை லேசரோடு ஒப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றாள். தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. யுசு எலுமிச்சை மரங்களில் பூ உதிர்ந்து மிளகு அளவுக்குப் பிஞ்சு பிடித்திருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் அழுகிறது. அவ்வளவு தூரம் என்னால் வர முடியாது, எதிர்பார்க்காதே.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும்தான்.

தொமெகிச்சி


ஜூலை 20, 2018
அகிதா

தொமெ,

உயிரோடு இருக்கிறேன். கஞ்சி குடிக்கிறேன். உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்று போட்டுக் குடித்தால் உலகத்தில் இதைவிட ருசி இல்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத முடியாது, சீக்கிரம் களைத்துப்போகிறேன். நடந்ததை டாக்டர் இசாவா எனக்குத் திரையில் போட்டுக் காட்டினாள். நான்தான் கேட்டேன். சதாயோ "வேணாங்க, சாப்பாடு இறங்காது" என்று வெளியே போய்விட்டாள்.

இரண்டு படம், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று மேலிருந்து வருகிற ஹத்தாவுடையது, மற்றது கீழிருந்து வருகிற அவளுடையது. ஹத்தா அந்தச் சிலந்தி வலைக்குள்ளேயே இறங்குகிறார். வலை புகை மாதிரி விலகுகிறது, ரத்தமே இல்லை. நரம்பு வெள்ளை நூலாகத் தெரிகிறது. அதை ஒதுக்கி, மரியாதையாகச் சுற்றிப் போகிறார். கீழே அவள் ஏறுகிறாள். எலும்பு இரண்டு பக்கமும் நெருக்குகிறது, அவள் அவசரப்படவே இல்லை. ஓர் இடத்தில் நின்று, வழி எது என்று தெரியாமல், கருவியை அசைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கடைசித் துளை போடுவதற்கு முன்னால் நாம் பாறையில் காது வைத்துக் கேட்போமே, அந்த நிற்றல். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. என் உடம்பு, நான் பிழைத்துவிட்டேன் என்று தெரியும், ஆனாலும் நின்றுவிட்டது.

அப்புறம் ஹத்தாவின் திரையில் இருட்டுக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம். மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவளுடைய விளக்கு, தொமெ. எனக்குள்ளே. யாரோ "தெரியுது, தெரியுது" என்று கத்துகிறார்கள், அது ஹத்தாவின் குரல், அந்த மெதுவாகப் பேசுகிற ஆளின் குரல். சவ்வு கிழிந்தது. இரண்டு கருவியும் முனையோடு முனை தொட்டன. நான் திரைக்கு முன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

"எவ்வளவு விலகல்?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. நம் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "எங்களுக்கு ரெண்டு திரையும் முன்னாலயே இருந்துச்சு. அவர் எங்க வர்றாருன்னு நான் பாக்கலாம், நான் எங்க வர்றேன்னு அவர் பாக்கலாம். உங்களுக்கு என்ன இருந்துச்சு?" என்றாள். "முக்காலியில ஒரு கண்ணாடி. நூல்ல கட்டின குண்டு. கணக்கு" என்றேன்.

"ஒரு மலைக்கு ரெண்டு பக்கமும் நின்னு, ஒருத்தர ஒருத்தர் பாக்காம, அத வெச்சு ஒரு சாண்லயா வந்து சேந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையை விரித்து ஒரு சாண் அளந்து பார்த்தாள். அப்புறம், "அதுக்கா நாப்பது வருஷமா சண்டை போடுறீங்க?" என்றாள்.

மூன்றாவது பந்து எழாமலேயேதான் கத்தி வைத்தார்கள். அறுவை முடிந்த அன்று மூச்சுக் குழாயை எடுத்தார்கள். இரண்டு நாளில் மூச்சு விழுந்து மறுபடி போட்டார்கள். அதற்கப்புறம் எனக்கு அதிகம் நினைவில்லை. வறட்டுத் துளை போடுகிற மாதிரியே கனவு. முகமூடிக்குள் தூசி. கூப்பிடுகிறேன், சத்தம் வரவில்லை. அப்போது ஒரு கை என் கையைப் பிடித்தது. நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தது. என்னவோ பேச்சும் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை.

தெளிந்த பிறகு நர்ஸிடம் கேட்டேன். "உங்க தம்பி வந்திருந்தாரே, கோல் ஊனிக்கிட்டு. நெருங்கின உறவுக்குத்தான் அனுமதின்னு சொன்னோம், கூடப் பிறந்த தம்பின்னு சண்டையே போட்டார். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிட்டார்" என்றாள். எனக்குத் தம்பி கிடையாது. பிடித்த கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

சதாயோவைக் கேட்டால் மேலே பார்த்துக்கொண்டு அரிசி களைகிறாள்.

வந்தாயா?

எய்சோ


ஜூலை 28, 2018
கோச்சி

எய்சோ,

பிழைத்ததில் சந்தோஷம். கயோ உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ சொல்கிற நாளில் நான் இங்கேதான் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தோட்டத்தில் யுசு பறித்தேன். இந்த வருடம் நல்ல காய்ப்பு. மயக்க மருந்தில் என்னென்னவோ தோன்றுமாம், பக்கத்து வீட்டுக்காரனும் அப்படித்தான் செத்துப்போன பூனையைப் பார்த்தான்.

அரைவிரல்காரன் உலகத்தில் நான் ஒருவன்தானா?

தொமெகிச்சி


ஆகஸ்ட் 3, 2018
அகிதா

தொமெ,

மிளகு அளவுப் பிஞ்சு என்று ஜூன் மாதம் எழுதியது நீ. அதே மாதம் கூடை கூடையாகப் பறித்ததும் நீ. யுசு நவம்பரில்தான் பழுக்கும் என்று இங்கே பனியில் கிடக்கிற எனக்கே தெரியும்.

அப்புறம், நீ என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். எந்த வாயால் தம்பி என்றாய்?

முழங்காலை வைத்துக்கொண்டு எத்தனை ரயில் மாறினாய்? அந்தப் படிக்கட்டெல்லாம் எப்படி ஏறினாய்? கடைசி ரயில் நம் சுரங்கத்தின் வழியாகத்தானே வந்திருக்கும். எந்த வாயில் நுழைந்தாய், கிழக்கில்தானே. நடுவில் அந்த இடம் வந்தபோது ஜன்னல் பக்கம் பார்த்தாயா?

எழுது. இல்லாவிட்டால் நானே கயோவுக்கு எழுதுவேன்.

எய்சோ

பக்கவழி நன்றாக வேலை செய்கிறது. முதல் தடவை நானே பையை மாற்றியபோது ஒட்டுப் பட்டையைத் தலைகீழாக ஒட்டினேன். சதாயோ சிரித்தாள். இப்போது என்னைவிட வேகமாக அவள் மாற்றுகிறாள்.


ஆகஸ்ட் 10, 2018
கோச்சி

எய்சோ,

வந்தேன். போதுமா?

சதாயோ போன் செய்தாள். குழாயை மறுபடி போட்டுவிட்டார்கள், என்ன ஆகுமோ என்றாள். கயோ கோலையும் இரண்டு சோற்று உருண்டையையும் கையில் திணித்து ரயில் ஏற்றினாள். சுரங்கத்துக்குள் போகும்போது பார்த்தேன். நடுவில் ஒன்றும் தெரியவில்லை, எய்சோ. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். எங்கே சேர்ந்தோம் என்று எனக்கே தெரியாத அளவுக்கு வழுவழுப்பாகச் சுவர் ஓடியது. ரயில் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் போனது. பக்கத்தில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், அந்த இடத்தில், நம் மலைதேவதையின் மடியில்.

உன்னைப் பார்த்தேன். முகம் முழுக்கக் குழாய். அந்தத் தோள் எங்கே போனது என்று தேடினேன். இயந்திரம் மூச்சு விட, உன் நெஞ்சு எழுந்து இறங்கிக்கொண்டிருந்தது. இனி நீ எழ மாட்டாய் என்றுதான் நினைத்தேன். மன்னித்துக்கொள். அதனால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

ஆமாம், அதைத்தான். விலகியது யார் என்று. நேருக்கு நேர் சொல்கிறேன் என்றேன், உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னேன். புத்தகத்தில் இருந்தது இருந்தபடி, ஒளிக்காமல். நீ கேட்காதது என் குற்றமா? கொடுத்த வாக்கு முடிந்தது. இன்னொரு தடவை சொல்வதாக நான் எங்கேயும் எழுதவில்லை.

யுசு நவம்பரில்தான் பழுக்கும், நீ சொன்னது சரி. குளியல் தொட்டியில் நாலு மிதக்க விட்டால் மூட்டுவலிக்கு நல்லது. எங்கள் தொட்டியில் இரண்டு கிழவர்கள் உட்காரலாம். பையோடு உட்காரலாமா என்று கயோ உன் டாக்டர் இசாவாவுக்கே போன் செய்து கேட்டுவிட்டாள். தாராளமாக உட்காரலாமாம்.

தொமெகிச்சி


ஆகஸ்ட் 17, 2018
அகிதா

(அஞ்சலட்டை)

தொமெ, மூன்றாவது பந்து நேற்று எழுந்தது. நவம்பரில் வருகிறேன், சதாயோவும் வருகிறாள். மேற்கு வாயில் நுழைந்து, கிழக்கு வாய் வழியாக வருவேன். விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்னொரு தரம் சொல். எய்சோ.